அத்தான் போகாத செவ்வாய்க்கிழமை

அக்கா வீட்டுக் குசினியில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. ஈஸ்ட்ஹாமில் அவள் வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடையில் வருசப் பிறப்புக்குச் சும்மா தருவது. மேலே பிள்ளையார், கீழே கட்டம் கட்டமாக நாட்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எறும்பெழுத்தில் சஷ்டி, அமாவாசை, இராகு காலம். அந்தக் கட்டங்களில் சிலவற்றில் அக்கா பென்சிலால் ஓர் ஒற்றை எழுத்தை எழுதி வைத்திருப்பாள்: ‘நோ’.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பேச்சில் ‘நோ’ என்றால் வலி. ‘கால் நோகுது’, ‘சரியான நோ’ என்போம். அத்தானுக்கு எழும்பவே முடியாத நாட்களை அக்கா அப்படிக் குறித்து வந்தாள். எந்த நாளில் மேலதிகக் குளிசை கொடுத்தோம் என்று மறந்துபோகாமல் இருக்கத்தான் தொடங்கியது. அந்த ஒற்றை எழுத்து பிறகு எங்களை ஒரு பெரிய இக்கட்டிலிருந்து காப்பாற்றும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

போன வருசம் ஒக்ரோபரில் நடந்தது இது. எழுதலாமா என்று அத்தானிடம் கேட்டேன். "பேர் போடாமல் எழுது. வேறை ஆருக்கும் உதவும்" என்றார். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், தேத்தண்ணியோடு உட்காருங்கள்.

அத்தானின் தொடையில் ஊரில் பட்ட செல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அதோடுதான் லண்டனுக்கு வந்தார், அதோடுதான் இருபது வருசம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் அரிசி மூட்டை தூக்கினார். பிறகு முதுகு போனது. நாரிப் பக்கம் நரம்பு நசிந்து வலது கால் மரத்துப் போகிறது, ஊன்றுகோல் இல்லாமல் படலை வரைக்கும் போகமாட்டார். இரவில் நித்திரை இல்லை. நித்திரை இல்லாததால் மனமும் சரியில்லை. அதற்கும் குளிசை.

இப்படியானவர்களுக்கு இங்கிலாந்தில் ‘பிப்’ என்கிற கொடுப்பனவு இருக்கிறது. முழுப் பெயர் பேர்சனல் இண்டிப்பெண்டன்ஸ் பேமென்ட். 2013 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன் 1992 தொடக்கம் இருந்த டிஎல்ஏ என்கிற பழைய கொடுப்பனவை, வேலை செய்யும் வயதுக்காரருக்கு இது மெல்ல மெல்ல மாற்றீடு செய்தது. வருமானம் பார்த்துக் கொடுப்பதில்லை, வேலை செய்துகொண்டும் வாங்கலாம். என்ன வருத்தம் என்பதை விட, அந்த வருத்தத்தால் அன்றாடம் எதைச் செய்ய ஏலாமல் இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். சமைக்க, குளிக்க, உடுக்க, சாப்பிட, மற்றவரோடு கதைக்க என்று அன்றாட வாழ்வுக்கு 10 காரியங்கள். நடமாட்டத்துக்கு 2. ஒவ்வொன்றுக்கும் புள்ளி. ஒரு பகுதியில் 8 புள்ளி எடுத்தால் சாதாரணத் தொகை, 12 எடுத்தால் கூடிய தொகை.

அத்தானுக்கு இரண்டு பகுதியிலும் சாதாரணத் தொகை கிடைத்துக்கொண்டிருந்தது. 2025 ஏப்ரல் கணக்குப்படி கிழமைக்கு 73 பவுண் 90 பென்ஸும் 29 பவுண் 20 பென்ஸும். அவரைப் பார்த்துக்கொள்வதற்காக அக்காவுக்கு வருகிற பராமரிப்பாளர் கொடுப்பனவு 83 பவுண் 30 பென்ஸ். கூட்டினால் 186 பவுண் 40 பென்ஸ். அக்காவுடையது அத்தானுடையதில் தொங்குகிறது என்பதை இங்கே கவனியுங்கள். அன்றாட வாழ்வுப் பகுதி நின்றால் அதுவும் நிற்கும். ஒரு கடிதத்தைப் பிரிக்காமல் விட்டால் இரண்டு பேருடைய காசும் போகலாம்.

அந்தக் கடிதம் ஒரு மண்நிற உறையில் வரும். வேலை, ஓய்வூதியத் திணைக்களத்திலிருந்து வருகிற கடிதம். எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் அந்த உறையைக் கண்டால் வயிற்றைப் பிசையும் என்று நினைத்திருந்தேன். வெள்ளைக்காரருக்கும் அப்படித்தானாம்.

அத்தானுக்கு வந்தது மீளாய்வு. படிவம் நிரப்பி அனுப்பியாயிற்று. பிறகு மதிப்பீட்டுக்கு நாள் தந்தார்கள். மதிப்பீட்டைத் திணைக்களம் நேரே செய்வதில்லை, அதற்காக ஒப்பந்தம் எடுத்த கொம்பனிகள் செய்கின்றன. தாதியர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் போன்றவர்கள் கேள்வி கேட்டு அறிக்கை எழுதுவார்கள். தீர்ப்பு எழுதுவது திணைக்களம்.

முதல் தந்த நாளில் அத்தானுக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இருந்தது. நான்தான் போன் எடுத்தேன். கால் மணித்தியாலம் பாட்டுக் கேட்க வைத்தார்கள், பிறகு ஒரு பிள்ளை அன்பாகக் கதைத்து வேறு நாள் தந்தது. அவ்வளவு சுலபமாக முடிந்ததே எங்களுக்கு வினையாயிற்று. அந்தப் பிள்ளை கடைசியில் ஒன்று சொன்னது: வழக்கமாக ஒரு தடவைதான் இப்படி மாற்றலாம். நான் ‘ஓகே, தாங்க்யூ’ என்று வைத்துவிட்டேன். அத்தானிடம் அதைச் சொன்னேனா என்று இன்று வரைக்கும் எனக்கு ஞாபகமில்லை.

இரண்டாவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்றேகால். நாட்காட்டியைப் பார்த்த அக்கா, "செவ்வாயில மூண்டு மணியிலையிருந்து நாலரை மட்டும் இராகு காலமெல்லோ. மாத்தச் சொல்லுவமோ?" என்று பகிடியும் உண்மையுமாகக் கேட்டாள். இராகு காலம் தக்க காரணம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று நான் சிரித்தேன்.

அந்தச் செவ்வாய் அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அவள் கிழமையில் இரண்டு நாள் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை. "ரக்சி பிடிச்சுப் போங்கோ, காசு மேசையில வைச்சிருக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்னேரம் அவள் திரும்பி வந்தபோது காசு மேசையிலேயே இருந்தது. அத்தான் கட்டிலில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"என்னப்பா, போகேல்லையோ?"

"ஏலாமப் போச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அக்கா எனக்குப் போன் எடுத்து அழுதாள். நான் இல்ஃபோர்டிலிருந்து பஸ் பிடித்து அங்கே போய்ச் சேர ஏழு மணி. போன வேகத்தில் கத்திவிட்டேன். ஏன் ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாது? என்னிடம் சொல்லியிருந்தால் நான் எடுத்திருப்பேனே!

அத்தான் கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "விடியவே கால் விறைச்சிட்டுது. பத்து மணிக்குச் சரிவரும் எண்டு பாத்தன். பன்ரெண்டுக்குச் சரிவரும் எண்டு பாத்தன். ரெண்டு மணிக்கு எழும்பி நிண்டன், விழுந்து போனன். பேந்து போன் எடுத்து என்னெண்டு சொல்லுறது? நேரம் குடுத்துப்போட்டுக் காத்துக் கொண்டிருக்கிற மனிசருக்கு வரமாட்டன் எண்டு சொல்லுறதோ? அதுவும் என்ரை இங்கிலிசிலை?"

எனக்கு வாயடைத்துவிட்டது. ஏனென்றால் எனக்கு அது விளங்கியது. எங்கள் ஊரில் கலியாண வீட்டுக்கு வர ஏலாது என்று முகத்துக்கு நேரே யாராவது சொல்வோமா? ‘பாப்பம்’ என்போம், போகாமல் விடுவோம். போகாமல் விடுவதே ஒரு மரியாதையான மறுப்பு. கலியாண வீட்டுக்காரருக்கும் அது தெரியும், சாப்பாட்டைக் குறைத்துத்தான் சமைப்பார்கள். ஆனால் ஒரு அலுவலகத்துக்கு அந்தப் பாஷை தெரியாது. அங்கே வராதவருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, அதில் ஒரு சரி அடையாளம் விழும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் சந்திச் சந்தியாகச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறிய தலைமுறை இது. கூப்பிட்ட இடத்துக்குச் சொன்ன நேரத்துக்கு முதலே போய் நிற்கப் பழகியவர்கள். அக்கா இந்த மதிப்பீட்டை இன்றைக்கும் ‘விசாரணை’ என்றுதான் சொல்லுவாள். அதிகாரம் கூப்பிட்டு அத்தான் போகாமல் விட்டது அவருடைய வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். அன்று அவருக்கு எவ்வளவு ஏலாமல் இருந்திருக்கும் என்பதற்கு அதை விடப் பெரிய சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் திணைக்களத்துக்குத் தேவைப்படுமே.

அடுத்த நாள் காலை, அலுவலகம் திறந்ததும் போன் எடுத்தோம். ‘வரவில்லை’ என்று பதிந்தாயிற்று, கோப்பு திணைக்களத்துக்குத் திரும்பிப் போகிறது, இனி அவர்கள்தான் கதைப்பார்கள் என்றார் ஒருவர், கொஞ்சம் வெடுக்கென்று. அவர் பெயரையும் நேரத்தையும் கொப்பியில் எழுதி வைத்தேன். பிறகு திணைக்களத்துக்கு எடுத்துச் சொன்னோம். காரணத்தை எழுத்தில் தரச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், நான் அன்றிரவு உட்கார்ந்து படித்தது. பிப் விதிகள் 2013இல், 9ஆம் விதி இதைப் பற்றியது. தக்க காரணம் இல்லாமல் மதிப்பீட்டுக்குப் போகாவிட்டால், அல்லது போனில் நடக்கும் மதிப்பீட்டில் கலந்துகொள்ளாவிட்டால், கோரிக்கையை மறுத்துத் தீர்மானிக்க வேண்டும். புதிதாக விண்ணப்பித்தவருக்கு அது நிராகரிப்பு. ஏற்கெனவே வாங்குபவருக்குக் கொடுப்பனவு நிற்கும். ஆனால் அதே விதி திணைக்களத்தின் கையையும் கட்டுகிறது. நாளையும் நேரத்தையும் குறைந்தது 7 நாள் முன்னதாக அறிவித்திருக்க வேண்டும், நீங்களே அதற்குக் குறைந்த அவகாசத்துக்குச் சம்மதித்திருந்தால் ஒழிய. கடிதம் பிந்தி வந்தால் உறையை எறிய வேண்டாம் என்பது இதனால்தான்.

அடுத்த 10ஆம் விதி எனக்குத் தெய்வவாக்குப் போல இருந்தது. காரணம் தக்கதா என்று பார்க்கும்போது, அந்த நேரத்தில் அந்த மனிதருடைய உடல்நிலை எப்படி இருந்தது, அவருடைய இயலாமை எப்படிப்பட்டது என்ற இரண்டையும் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். எந்த வருத்தத்துக்காகக் காசு கேட்கிறோமோ, அதே வருத்தம் போக விடாமல் தடுத்தது என்று சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும்.

எங்களுடைய முதல் வரைவு இரண்டு வரி. ‘அன்று எனக்குச் சுகமில்லை. மன்னித்துக்கொள்ளவும்.’ அத்தான் சொல்லச் சொல்ல அக்காவின் மகள் தட்டச்சுச் செய்தது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிற லீவுக் கடிதம் மாதிரி. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினோம்.

எத்தனை மணிக்கு முழித்தார், காலில் என்ன நடந்தது, எத்தனை தரம் எழும்பப் பார்த்தார், எப்போது விழுந்தார், வீட்டில் யார் இருந்தார்கள். அது ஒரு பந்தி. ஏன் போன் எடுக்கவில்லை என்பது அடுத்த பந்தி. அதைத்தான் கனபேர் எழுதாமல் விடுகிறார்கள். வலிக்கு மேலதிகக் குளிசை போட்டு மயக்கமாக இருந்தது, ஆங்கிலத்தில் போனில் கதைக்கத் தனியே ஏலாது, மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறார், அந்த நிலையில் முடிவெடுக்க ஏலவில்லை. மூன்றாவது பந்தியில், தவறியது தெரிந்ததும் அடுத்த நாள் காலையிலேயே நாங்கள் போன் எடுத்தது, யாருடன் கதைத்தோம், எத்தனை மணிக்கு. நாலாவதில், மறுபடி நாள் தந்தால் எப்படி வேண்டும் என்பது: வீட்டிலோ போனிலோ, தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு, அக்கா வீட்டில் இருக்கிற நாளில்.

ஆதாரம்? அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் டொக்டரிடம் போகவில்லை. எழும்பவே ஏலாதவர் எப்படிப் போவார்! வீட்டுக்குள் கிடந்த வலிக்குச் சீட்டு யார் தருவது? முதுகுக்குப் பார்க்கிற ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று இருந்தது, குளிசைப் பட்டியல் இருந்தது. அந்த நாளைப் பற்றி ஒன்றுமில்லை. அப்போதுதான் அக்கா குசினிக்குள் போய் நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

ஒக்ரோபர் பக்கத்தில் அந்தச் செவ்வாயில் ‘நோ’ இருந்தது. அதற்கு முதல் நாளும் இருந்தது. செப்டெம்பரில் ஒன்பது, ஓகஸ்டில் ஏழு. ஏப்ரல் வரைக்கும் திருப்பிப் பார்த்தோம். பென்சில் அழுத்தம் சிலவற்றில் கூட, சிலவற்றில் குறைய. ஆருக்காகவும் எழுதாத கணக்கு என்பது பார்த்தாலே தெரிந்தது. ஏழு பக்கத்தையும் படமெடுத்து, ‘நோ’ என்றால் எங்கள் மொழியில் வலி என்று ஒரு குறிப்பும் எழுதி, கடிதத்தோடு சேர்த்தேன். பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் போட்டோம்.

ஐந்து கிழமை. அக்கா ஒவ்வொரு நாளும் கதவடியில் தபால் விழுகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மீளாய்வில் முடிவு வரும் வரைக்கும் பழைய காசு வந்துகொண்டிருந்தது, அது ஒரு ஆறுதல். பிறகு மண்நிற உறை வந்தது. காரணத்தை ஏற்றுக்கொண்டோம், மதிப்பீடு போனில் நடக்கும், மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்யப்படும்.

எல்லாருக்கும் இப்படி ஏற்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்காவிட்டால் அதோடு கதை முடிந்தது என்று நினைத்து இருந்துவிடாதீர்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். பிந்தினால் ஏன் பிந்தியது என்று காரணத்தோடு 13 மாதம் வரைக்கும் கேட்க வழி இருக்கிறது, ஆனால் ஏற்பதும் விடுவதும் அவர்கள் கையில். அதுவும் சரிவராவிட்டால் தீர்ப்பாயம். அங்கே திணைக்களத்துக்கு வெளியே உள்ளவர்கள் முதலிலிருந்து பார்ப்பார்கள், அதற்குக் கட்டணமில்லை. புதிதாக விண்ணப்பம் போட்டால் கெதியாக முடியும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். போடலாம், ஆனால் காசு புதுத் தேதியிலிருந்துதான் கணக்கு. விட்டுப்போன மாதங்கள் விட்டுப்போனவைதான். சிட்டிசன்ஸ் அட்வைஸில் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள், போகும்போது எல்லாக் கடிதத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை வேறு. அங்கே 2022இலிருந்து அடல்ட் டிஸபிலிட்டி பேமென்ட் என்று தனியாக நடக்கிறது, தனியார் கொம்பனி மதிப்பீடு அதில் இல்லை.

மாற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு, நான் சூடுபட்டுப் படித்ததைச் சொல்கிறேன். கடிதம் வந்த அன்றே நாளைப் பாருங்கள், ஏலாது என்று தெரிந்தால் அன்றே போன் எடுங்கள். கடிதத்திலேயே இலக்கம் இருக்கும். ஆங்கிலம் தடுக்கினால் ‘தமிழ் இன்டர்பிரிட்டர்’ என்ற இரண்டு சொல் போதும், இணைப்பில் ஒருவரை எடுத்துத் தருவார்கள். அந்த ஒரு தடவையைச் சில்லறைக் காரணத்துக்குச் செலவழிக்காதீர்கள், பிறகு உண்மையாகவே ஏலாமல் வரும்போது கை வெறுமையாக இருக்கும். தூரம்தான் பிரச்சினை என்றால் நாளை மாற்றக் கேட்க வேண்டாம், முறையை மாற்றக் கேளுங்கள். வீட்டுக்கு வரக் கேட்கலாம், அதற்கு டொக்டரின் கடிதம் கேட்கக்கூடும். போன பயணச் செலவைத் திருப்பி எடுக்கலாம், ரக்சி என்றால் முதலே கேட்டு அனுமதி எடுத்துக்கொண்டு போங்கள். அன்று காலையில்தான் ஏலாமல் போகிறதா? மூன்றேகாலுக்கு நேரம் என்றால் மூன்று பத்துக்கு எடுத்தாலும் எடுத்ததுதான். அத்தானுக்கு நான் இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

போனில் மதிப்பீடு என்றால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. இலக்கம் காட்டாத அழைப்பாக வரலாம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படியான அழைப்பைக் கண்டால் ஏதோ ஏமாற்றுக்காரன் என்று எடுக்கவே மாட்டார்கள். எடுக்காமல் விட்டால் அதுவும் போகாத கணக்குத்தான். அன்றைக்கு மட்டும் எல்லா அழைப்பையும் எடுங்கள்.

டிசெம்பரில் அந்த நாள் வந்தது. அக்கா வேலைக்கு லீவு போட்டாள், நானும் போனேன். போனை ஸ்பீக்கரில் போட்டு, மூன்று பேரும் மேசையைச் சுற்றி. மறுபக்கத்தில் ஒரு தாதி, இன்னொரு இணைப்பில் மொழிபெயர்ப்பாளர், ஒரு பெண். முதல் வணக்கத்திலேயே எங்கள் பக்கத்துப் பேச்சு என்று தெரிந்துவிட்டது. அத்தானின் தோள் கொஞ்சம் இறங்கியது.

தாதியின் முதல் கேள்வி, இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள். நான் பயந்த கேள்வி அது. எங்கள் ஆட்கள் மரணப் படுக்கையிலும் அதற்கு ‘சுகம்’ என்றுதான் பதில் சொல்வார்கள். ‘பரவாயில்லை’, ‘கொஞ்சம் நோ இருக்கு’, ‘சமாளிக்கிறன்’. எங்களுக்குள் இவற்றின் அர்த்தம் வேறு. ‘கொஞ்சம்’ என்று அத்தான் சொன்னால் மற்ற ஆள் அழுதிருப்பார் என்று அக்காவுக்குத் தெரியும். அறிக்கை எழுதுகிறவருக்குத் தெரியாதே. சொன்ன சொல்லைத்தான் எழுதுவார். அத்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இண்டைக்குப் பரவாயில்லை. முந்தநாள் ஏலாமல் கிடந்தனான்" என்றார். பாதி தேறிவிட்டார்.

பிறகு ஒரு கேள்வி. காலைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்த தாதி, இப்போது உட்கார்ந்திருக்கும்போது வலி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். அத்தானுக்கு ஆங்கிலம் கதைக்க வராதே தவிர, விளங்கும். மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்க முதலே, கேள்வி விளங்கிய உற்சாகத்தில், பதிலைச் சொல்லிவிட்டார்.

"நோ."

மேசையில் மூச்சு நின்றுவிட்டது. மறுபக்கத்தில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. அக்கா என் கையைப் பிடித்தாள். அடுத்த கணம் மொழிபெயர்ப்பாளர் குறுக்கே வந்தார். மன்னிக்க வேண்டும், அவர் ஆங்கிலத்தில் சொல்லவில்லை, தமிழில் சொன்னார், அவர் சொன்ன சொல்லுக்கு வலி என்று அர்த்தம், வலி இருக்கிறது என்கிறார் என்று விளக்கினார். தட்டச்சு நின்றது. தாதி சிரித்தார். மெதுவாக, பழைய எழுத்துகளை அழிக்கிற சத்தம் கேட்டது. அது அழிக்கிற சத்தம்தான் என்று நான் இன்று வரைக்கும் நம்புகிறேன்.

வேறு ஊர்த் தமிழர் ஒருவர் அந்த இணைப்பில் இருந்திருந்தால்? அவர்கள் ‘நோ’வுக்கு ‘வலி’ என்பார்கள், ‘ஏலுமோ’வுக்கு ‘முடியுமா’ என்பார்கள். அத்தான் சொன்ன ‘நோ’ அவருக்கும் ஆங்கில ‘நோ’வாகவே பட்டிருக்கும். இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று முதலே கேட்டுப் பாருங்கள் என்று இப்போது எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

அதற்குப் பிறகு அத்தான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் கேட்டுவிட்டே பதில் சொன்னார். குளிக்க ஏலுமோ? ஏலும், அக்கா தொட்டிக்குள் இறக்கிவிட்டால். சமைக்க ஏலுமோ? நின்று ஏலாது. பிப் விதியில் ‘செய்வார்’ என்று எழுதுவதற்கு நாலு நிபந்தனை உண்டு. ஆபத்தில்லாமல் செய்ய வேண்டும், ஒழுங்காகச் செய்ய வேண்டும், தேவையான தடவையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும், நியாயமான நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு தரம் செய்துவிட்டு மூன்று நாள் கிடப்பவர் அதைச் செய்யக்கூடியவர் என்று கணக்கில்லை. இதை முதல் நாள் இரவு அத்தானுக்குப் படிப்பித்திருந்தேன். "உது எங்கடை அம்மா கேக்கிற மாதிரியெல்லோ இருக்கு" என்றார். "ஒழுங்காச் செய்தனியோ, கெதியாச் செய்தனியோ எண்டு."

தை மாதம் முடிவு வந்தது. இரண்டு பகுதியும் முன்பு போலவே தொடரும். நடமாட்டத்தில் 10 புள்ளி. ஊன்றுகோலோடு 20 மீற்றருக்கு மேல், 50க்குள் நடப்பார் என்று எழுதியிருந்தது. 20 மீற்றரைத் தாண்டாதவர் என்று எழுதியிருந்தால் 12 புள்ளி, கூடிய தொகை. எனக்குச் சண்டை பிடிக்க ஆசை. ஆனால் மறுபரிசீலனை கேட்டால் முழுவதையும் திருப்பிப் பார்ப்பார்கள், கூடவும் செய்யலாம், இருப்பது குறையவும் செய்யலாம். அத்தான் வேண்டாம் என்றார். "மீற்றர் அளக்கிறதுக்கு இனி என்னட்டைப் பெலன் இல்லை."

புது வருச நாட்காட்டி வந்துவிட்டது, இந்த முறை மேலே முருகன். பழையதை அக்கா எறியவில்லை, சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறாள். புதியதில் ‘நோ’வுக்குப் பக்கத்தில் இப்போது நேரமும் எழுதுகிறாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி மட்டும் என்று.

போன கிழமை நான் அங்கே போயிருந்தபோது அத்தான் கதிரையில் இருந்து போன் கதைத்துக்கொண்டிருந்தார். தனியே. ஆஸ்பத்திரியில் அடுத்த நாளுக்குத் தந்திருந்த நேரம். அவருடைய ஆங்கிலம் எங்கள் ஊர் மாட்டுவண்டி மாதிரி, ஆடி ஆடிப் போனது, ஆனால் போய்ச் சேர்ந்தது. நாளைக்கு வர ஏலாது, கால் சரியான மோசம், வேறு நாள் தாருங்கள். மறுபக்கம் ஏதோ கேட்டது. வலி குறைந்திருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும்.

அத்தான் வாயைத் திறந்தார், திறந்தபடியே என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"நோ. இங்கிலிஷ் நோ."